கைக்கெட்டிய கணிதம்

நுழையும்முன்

எண்ணக் கற்கும் குழந்தையின் கையில் புளியங்கொட்டைகள் இருக்கும். கூட்டலும் கழித்தலும் விரல்களில் தொடங்கும். வகுப்பு உயர உயரக் கையின் வேலை குறைந்து தாளின் வேலை மிகுகிறது. கோளமும் கூம்பும்கூடத் தாளில் தட்டையாகவே கிடக்கின்றன. அவற்றை மீண்டும் கைக்குக் கொண்டுவரும் கருவி முப்பரிமாண அச்சுப்பொறி. அக்கருவி இயங்கும் முறைக்குள் மிகப் பழைய கணிதக் கருத்து ஒன்று அமைந்திருப்பதை இப்பாடம் விளக்குகிறது.

தாளின் எல்லை

கரும்பலகையில் ஒரு கனசதுரம் வரையப்படுகிறது. சற்றே விலகி நிற்கும் இரண்டு சதுரங்கள். அவற்றின் மூலைகளை இணைக்கும் நான்கு சாய்கோடுகள். அவ்வளவுதான். வகுப்பில் சிலருக்குக் கீழ்ச்சதுரம் முன்னே நிற்பதாகத் தோன்றும்; வேறு சிலருக்கு மேற்சதுரம் முன்னே வரும். இமைக்காமல் நோக்கினால் ஒருவருக்கே இரண்டும் மாறி மாறித் தோன்றும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த லூயி ஆல்பர்ட் நெக்கர், படிகங்களின் வரைபடங்களை ஆராய்ந்தபோது இம்மாற்றத்தைக் கண்டு 1832ஆம் ஆண்டில் எழுதினார். அதனால் இப்படம் இன்றும் நெக்கர் கனசதுரம் எனப்படுகிறது.

படத்தில் பிழை ஏதுமில்லை. மூன்று பரிமாணங்கள் உடைய பொருளை இரண்டு பரிமாணங்கள் உடைய தாளில் கிடத்தும்போது ஒரு பரிமாணம் இழக்கப்படுகிறது. இழந்ததைக் கண் தன் பழக்கத்தைக் கொண்டு இட்டு நிரப்புகிறது. கனசதுரம் அன்றாடம் காணும் வடிவம். ஆகவே இட்டு நிரப்புவது எளிது. பழகாத வடிவத்திற்கு என்ன செய்வது?

குதிரையின் முதுகிலிடும் சேணத்தை ஒத்த பரப்பு ஒன்று உயர்கணிதத்தில் அடிக்கடி வரும். ஓரிடத்திலிருந்து கிழக்கு மேற்காகச் சென்ற தொலைவின் வர்க்கத்திலிருந்து, வடக்கு தெற்காகச் சென்ற தொலைவின் வர்க்கத்தைக் கழித்தால் கிடைப்பதே அப்பரப்பின் உயரம். மையத்தில் நின்று கிழக்கிலோ மேற்கிலோ நடப்பவர் ஏறுவார்; வடக்கிலோ தெற்கிலோ நடப்பவர் இறங்குவார். நடுப்புள்ளி சமமாக இருக்கிறது. ஆயினும் அது சிகரமும் அன்று, பள்ளமும் அன்று. இதனைத் தாளில் வரைந்தால் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைகோடுகளின் பின்னலே எஞ்சும். மாணவர் பலர் அப்பின்னலைப் பிழையின்றி வரைந்து மதிப்பெண் பெறுவர். ஆனால் வடிவத்தைக் கண்டிருக்க மாட்டார்கள். அதே பரப்பு உள்ளங்கையில் அடங்கும் பொருளாகக் கிடைக்குமானால், ஒரு விரல் ஒரு திசையில் ஏறுவதையும் மற்றொரு விரல் குறுக்குத் திசையில் இறங்குவதையும் கண்ணை மூடிக்கொண்டே உணரலாம்.

பாரிஸ் சாந்தில் எழுந்த சமன்பாடுகள்

சமன்பாட்டைப் பொருளாக்கும் விருப்பம் கணினிக் காலத்தில் தோன்றியதன்று. 1870களில் ஜெர்மனியின் மியூனிக் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் பெலிக்ஸ் கிளைன், அலெக்சாண்டர் பிரில் என்னும் கணிதப் பேராசிரியர்கள் தம் மாணவர்களைக் கொண்டு வளைபரப்புகளைப் பாரிஸ் சாந்தில் வார்க்கச் செய்தனர். அலெக்சாண்டரின் உடன்பிறந்தாரான லுட்விக் பிரில், டார்ம்ஸ்டாட் நகரிலிருந்து அம்மாதிரிகளைப் பல பல்கலைக்கழகங்களுக்கு விற்றார். பின்னர் அவ்வணிகம் மார்ட்டின் ஷில்லிங் என்பவர் கைக்கு மாறியது. 1911ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் விலைப்பட்டியலில் ஏறத்தாழ 400 மாதிரிகள் இருந்தன.

அவற்றுள் புகழ்பெற்றது கிளெப்ஷ் பரப்பு. மூன்றாம் படிச் சமன்பாட்டால் அமையும் வழவழப்பான பரப்பு எதுவாயினும், அதில் சரியாக 27 நேர்கோடுகள் உண்டு என ஆர்தர் கெய்லியும் ஜார்ஜ் சால்மனும் 1849ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். பெரும்பாலான பரப்புகளில் அக்கோடுகளுள் சிலவற்றைக் கலப்பெண்களைக் கொண்டே குறிக்க இயலும். அவை கண்ணுக்குப் புலப்படா. ஆல்பிரட் கிளெப்ஷ் 1871ஆம் ஆண்டில் விவரித்த பரப்பிலோ 27 கோடுகளும் மெய்யானவை. வளைந்து நெளிந்து துளைகளுடன் நிற்கும் சாந்து உருவத்தின்மீது நேரான 27 கோடுகள் கீறப்பட்டிருப்பதைக் கண்டவர்கள் வியந்தனர். 1893ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்குக் கிளைன் இத்தகைய மாதிரிகளை எடுத்துச் சென்றார்.

பிறகு இவற்றின் மதிப்புக் குறைந்தது. சாந்து உருவங்கள் எளிதில் உடைபவை; விலையும் மிகுதி. இருபதாம் நூற்றாண்டில் கணிதமே உருவங்களை விட்டு விலகிக் கருத்தியல் கட்டமைப்புகளை நோக்கிச் சென்றது. பாரிஸ் நகரின் ஆன்றி புவான்காரே நிறுவனத்தில் இருந்த மாதிரிகளை 1930களில் மான் ரே என்னும் அமெரிக்க ஓவியர் நிழற்படம் எடுத்தார். கணிதர் மறந்தவை கலைஞர் கண்ணில் பட்டன.

அந்த மாதிரிகளால் மிகுதியாகக் கற்றவர் யார் என்று எண்ணிப் பார்த்தால், கண்ணாடிப் பேழைக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் அல்லர். சமன்பாட்டிலிருந்து ஒவ்வொரு வெட்டுமுகத்தையும் கணக்கிட்டு வார்த்த மாணவர்களே எனலாம். இன்றைய அச்சுப்பொறியைப் பயன்படுத்தும்போதும் நினைவில் கொள்ளவேண்டிய வேறுபாடு இது.

கறையானின் வழி

சிற்பி கல்லில் வேண்டாதவற்றை நீக்கிச் சிலையை வெளிப்படுத்துகிறார். கறையான் மண்ணைத் துகள் துகளாகச் சேர்த்துப் புற்றை எழுப்புகிறது. முப்பரிமாண அச்சுப்பொறி கறையானின் வழியைப் பின்பற்றுவது. ஒளிபட்டால் இறுகும் பிசினைக் கொண்டு அடுக்கடுக்காகப் பொருள் உருவாக்கும் முறையை ஜப்பானின் ஹிடியோ கொடாமா 1980களின் தொடக்கத்தில் விவரித்தார். அத்தகைய முறைக்கு அமெரிக்காவின் சக் ஹல் 1984ஆம் ஆண்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1986ஆம் ஆண்டில் பெற்றார். நெகிழியை உருக்கி இழையாக இடும் முறையை அத்தசாப்தத்தின் இறுதியில் ஸ்காட் கிரம்ப் உருவாக்கினார். நெடுங்காலம் இப்பொறிகள் பெருந்தொழிற்சாலைகளில் மட்டுமே இருந்தன. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் பௌயர் 2005ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டம், எவரும் செய்துகொள்ளத்தக்க எளிய பொறியின் வரைபடங்களைக் கட்டணமின்றி வெளியிட்டது. கிரம்ப்பின் அடிப்படைக் காப்புரிமை 2009ஆம் ஆண்டில் காலாவதியானது. விலை விரைந்து குறைந்தது. பொறி பள்ளிக்குள் நுழைந்தது.

பள்ளிகளில் காணப்படும் பொறியின் இயக்கம் முறுக்குப் பிழிவதை நினைவூட்டும். மக்காச்சோளம் போன்ற பயிர்களின் மாவுச்சத்திலிருந்து பெறப்படும் ஒருவகை நெகிழியின் இழை, ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகி, 0.4 மில்லிமீட்டர் அளவுள்ள துளை வழியே இறங்குகிறது. துளையுள்ள முனை, தளத்தின்மீது நகர்ந்து நகர்ந்து ஓர் அடுக்கை இட்டு முடிக்கும். பின்பு சிறிது மேலெழும்பி அடுத்த அடுக்கை இடும். ஓர் அடுக்கின் உயரம் பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டர். ஆறு சென்டிமீட்டர் உயரமுள்ள பொருளுக்கு 300 அடுக்குகள் வேண்டும்.

இதற்கு முன்பே ஒரு வேலை நடந்து முடிந்திருக்கும். கணினியில் உருவாக்கிய வடிவத்தை ஒரு மென்பொருள் கிடைமட்டமாகச் சீவுகிறது. ஒவ்வொரு சீவலிலும் முனை செல்லவேண்டிய வழியைக் குறிக்கிறது. பொறிக்குக் கோளம் என்றால் என்னவென்று தெரியாது. சிறிதாகத் தொடங்கிப் பெரிதாகி மீண்டும் சிறிதாகும் 300 வட்டங்களைத்தான் அது அறியும்.

சீவல்களும் கன அளவும்

வளைந்த பொருளின் கன அளவைக் காண அதனை மெல்லிய சீவல்களாக எண்ணிக் கூட்டுவது தொகை நுண்கணிதத்தின் அடிப்படை. இத்தாலியில் போலோன்யா நகரப் பேராசிரியரான கவலியேரி 1635ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதன் ஒரு வடிவத்தைக் கொள்கையாக நிறுத்தினார். இரண்டு பொருள்களை ஒரே உயரத்தில் வெட்டும்போதெல்லாம் வெட்டுமுகங்களின் பரப்பு சமமாக இருக்குமாயின், அப்பொருள்களின் கன அளவும் சமம் என்பது அக்கொள்கை. நேராக அடுக்கிய நாணயங்களைச் சற்றே சாய்த்துத் தள்ளினால் அடுக்கின் வடிவம் மாறும். கன அளவு மாறாது. அச்சுப்பொறியின் மொழியில் சொன்னால், ஒவ்வோர் அடுக்கிற்கும் ஒரே அளவு நெகிழி செலவாகும் இரு பொருள்களுக்கு மொத்தச் செலவும் ஒன்றே.

இக்கொள்கையைக் கொண்டு கோளத்தின் கன அளவைக் காண்பதற்கு இரண்டு பொருள்கள் போதும். முதலாவது, மூன்று சென்டிமீட்டர் ஆரமுள்ள அரைக்கோளம். தட்டையான முகம் கீழே இருக்கட்டும். இரண்டாவது, அதே ஆரமும் மூன்று சென்டிமீட்டர் உயரமும் உடைய உருளை. அதன் மேல்முகத்திலிருந்து ஒரு கூம்பு குடைந்து எடுக்கப்பட்டிருக்கும். கூம்பின் முனை உருளையின் அடித்தளத்தைத் தொடும். தோற்றத்தில் ஒன்று கவிழ்த்த கிண்ணம். மற்றொன்று புனல் வைத்த தொட்டி. இரண்டுக்கும் யாதொரு ஒற்றுமையும் தெரியாது.

தளத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டையும் சீவுவோம். பித்தாகரஸ் தேற்றத்தின்படி அரைக்கோளத்தின் அச்சீவல், ஆரத்தின் வர்க்கம் 9 இலிருந்து 1ஐக் கழிக்க 8 ஆக அமைந்த வட்டம். மற்றதில் கிடைப்பது வளையம்; வெளி ஆரத்தின் வர்க்கம் 9, உள் ஆரத்தின் வர்க்கம் 1, வேறுபாடு 8. இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் வட்டத்திற்கு 9 இலிருந்து 4 போக 5. வளையத்திற்கும் 9 இலிருந்து 4 போக 5. எந்த உயரத்தில் சீவினாலும் வட்டமும் வளையமும் ஒரே பரப்பு. ஆகவே இரு பொருள்களின் கன அளவும் சமம். கூம்பு, தன்னைச் சூழ்ந்த உருளையில் மூன்றில் ஒரு பங்கு என்பது கீழ்வகுப்பிலேயே கற்றது. அதனை நீக்கினால் எஞ்சுவது மூன்றில் இரண்டு பங்கு. அரைக்கோளத்தின் கன அளவும் அதுவே.

மாணவர் இதனைத் தராசில் சரிபார்க்கலாம். கணக்கின்படி ஒவ்வொன்றின் கன அளவும் ஏறத்தாழ 56.5 கன சென்டிமீட்டர். அச்சு நெகிழியின் அடர்த்தி, கன சென்டிமீட்டருக்கு 1.24 கிராம் அளவில் இருக்கும். எனவே ஒவ்வொன்றும் 70 கிராம் அளவு நிற்கவேண்டும். இங்கே ஒரு நடைமுறைச் செய்தியைக் கவனிக்க வேண்டும். நெகிழியை மிச்சப்படுத்துவதற்காகப் பொறி, பொருளின் உட்புறத்தை வலைப்பின்னல் போலவே நிரப்பும். வெளிச்சுவரை மட்டும் அடர்த்தியாக இடும். அவ்வாறு விட்டுவிட்டால் எடைகள் சமமாக அமையா. கூம்புக்குழி உடைய பொருளுக்கு உள்ளும் புறமுமாகச் சுவர் மிகுதி. உட்புறத்தையும் முழுமையாக நிரப்புமாறு பணித்தாலன்றிச் சோதனை பயன்தராது. எடை ஏன் மாறியது என்று வகுப்பில் எழும் வினா, கன அளவும் புறப்பரப்பும் வெவ்வேறானவை என்பதை எந்தச் சூத்திரத்தையும்விடத் தெளிவாக உணர்த்தும்.

சீவல்களை எடையிட்டுக் கன அளவு காணும் எண்ணம் ஆர்க்கிமிடீசுக்கு உரியது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர், கோளத்தின் சீவல்களையும் கூம்பின் சீவல்களையும் ஒரு கற்பனை நெம்புகோலின் ஒரு முனையில் தொங்கவிட்டு, உருளையின் சீவல்களோடு சமன்செய்து பார்த்தார். இவ்வழியை விளக்கிய அவருடைய நூல் நெடுங்காலம் மறைந்து கிடந்தது. பழைய தோலேடு ஒன்றில் எழுதப்பட்டிருந்த அந்நூலைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் சுரண்டி அழித்து, அதன்மேல் வழிபாட்டு நூல் எழுதிவிட்டனர். 1906ஆம் ஆண்டில் ஹெய்பர்க் என்னும் டென்மார்க் அறிஞர், கான்ஸ்டாண்டிநோபிளில் அந்த ஏட்டைக் கண்டு, மங்கிய எழுத்துகளை மேலெழுத்துகளுக்கு அடியில் படித்தறிந்தார். 2013ஆம் ஆண்டில் ஆலிவர் நில், எலிசபெத் ஸ்லாவ்கோவ்ஸ்கி என்னும் இருவர் ஆர்க்கிமிடீசின் கருத்துகளை முப்பரிமாண அச்சில் வார்த்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். கற்பனையில் தொங்கிய சீவல்கள் இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் மேசைக்கு வந்தன.

தெரிந்து தெளிவோம்

சம அளவுள்ள இரண்டு உருளைகள் ஒன்றையொன்று செங்குத்தாக ஊடுருவும்போது இரண்டுக்கும் பொதுவான பகுதி ஒரு தனி வடிவம். அதன் ஒவ்வொரு கிடைமட்டச் சீவலும் சதுரம். அதனுள் சரியாகப் பொருந்தும் கோளத்தின் சீவல் அச்சதுரத்தைத் தொடும் வட்டம். சீனக் கணிதர் லியூ ஹுய் மூன்றாம் நூற்றாண்டில் இவ்வடிவத்தின் வழியே கோளத்தின் கன அளவை நெருங்கினார். ஆனால் இவ்வடிவத்தின் கன அளவை அவரால் காண இயலவில்லை. வல்லவர் ஒருவர் வரட்டும் என்று எழுதிவைத்தார். இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் சூ கெங் அதனைக் கண்டார்.

படிக்கட்டு சொல்லும் புதிர்

பொறி இட்ட கோளத்தை விரலால் வருடினால் நுண்ணிய வரிகள் தட்டுப்படும். அவை அடுக்குகளின் விளிம்புகள். பொறி வழங்குவது கோளமன்று. கோளத்தை ஒத்த வட்டப் படிக்கட்டு. அடுக்கை மெலிதாக்கினால் படிகள் சிறியனவாகும். கோளம் வழவழப்பாகத் தோன்றும். அப்படியானால் படிக்கட்டின் அளவுகள் யாவும் கோளத்தின் அளவுகளை அணுகுமா?

கன அளவைப் பொறுத்தவரை அணுகும். ஒவ்வொரு படியும் கோளத்திலிருந்து விலகும் இடம் ஒரு மெல்லிய வளையம்; அடுக்குகள் மெலிய மெலிய வளையங்களின் மொத்தம் சுழியை நெருங்கும். புறப்பரப்பைப் பொறுத்தவரை அவ்வாறு நிகழாது. பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 14.14 சென்டிமீட்டர். அம்மூலைவிட்டத்தை ஒட்டிப் படிக்கட்டு ஒன்று வரைந்தால் அதன் மொத்த நீளம் 20 சென்டிமீட்டர்: எல்லாக் கிடைக்கோடுகளும் சேர்ந்து பத்து, எல்லா நிலைக்கோடுகளும் சேர்ந்து பத்து. பத்துப் படிகள் இருப்பினும் பத்தாயிரம் படிகள் இருப்பினும் நீளம் 20 தான். கண்ணுக்குப் படிக்கட்டும் மூலைவிட்டமும் ஒன்றாகிவிடும். நீளம் மட்டும் ஒன்றாகாது.

கோளத்திலும் இதுவே நிகழ்கிறது. நேர்ச்சுவரும் சமதளமும் மட்டுமே உடைய படிகளாகக் கோளத்தைக் கட்டினால், அடுக்கு எவ்வளவு மெலிந்தாலும் படிக்கட்டின் புறப்பரப்பு உண்மையான கோளத்தின் புறப்பரப்பைவிட ஏறத்தாழ 28.5 விழுக்காடு மிகுதியான ஓர் எண்ணையே அணுகும். இருப்பிடத்தால் நெருங்கினால் மட்டும் போதாது, சாய்வாலும் நெருங்கவேண்டும். படியின் சுவர் நேராகவும் அதன் தளம் கிடையாகவுமே இருக்கின்றன. கோளத்தின் சாய்வை அவை என்றும் பெறுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹெர்மான் ஷ்வார்ட்ஸ் என்னும் ஜெர்மானியக் கணிதர் இதற்கு இணையான எடுத்துக்காட்டைத் தந்தார். உருளையின்மீது முனைகள் பொருந்துமாறு சிறு முக்கோணங்களை அமைத்து, அவற்றை மேலும் மேலும் நுணுக்கினாலும் அவற்றின் மொத்தப் பரப்பு உருளையின் பரப்பை அணுகாமல் போகக்கூடும் என்று காட்டினார். எல்லை என்னும் கருத்தைப் பாடநூலில் படிக்கும் மாணவருக்கு, ‘நெருங்கி வருவன எல்லாம் ஒன்றாகிவிடும்’ என்ற எண்ணம் எளிதில் எழும். விரலில் தட்டுப்படும் அவ்வரிகள் அவ்வெண்ணத்தைத் தடுத்து நிறுத்துகின்றன.

பொறிக்கும் கணிதத்திற்கும் இடையே வேறு இடைவெளிகளும் உண்டு. சேணப் பரப்புக்குத் தடிப்பு இல்லை. தடிப்பில்லாததைப் பொறியால் இட இயலாது. எனவே மாணவர் தடிப்பை முடிவு செய்யவேண்டும். உயரத்தோடு இரண்டு மில்லிமீட்டரைக் கூட்டி மற்றொரு பரப்பை அமைத்தால், சரிவு மிகுந்த இடங்களில் சுவர் மெலிந்து உடையும். பரப்புக்குச் செங்குத்தான திசையில் தடிப்பைத் தரவேண்டும் என்பதை உடைந்த துண்டு கற்பிக்கும். அகமும் புறமும் ஒன்றாகிய கிளைன் குடுவையின் இடர் இன்னும் பெரிது. தன் சுவரைத் தானே துளைக்காமல் அது முப்பரிமாண வெளியில் நிற்க இயலாது; அச்சிட்ட குடுவை ஒவ்வொன்றும் அத்துளையோடுதான் வெளிவரும்.

பார்ப்பதற்கும் செய்வதற்கும் இடையில்

ஆயத்தமாகக் கிடைக்கும் மாதிரிகள் பயனற்றவை என்று இதற்குப் பொருளன்று. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகக் கணிதர் ஹென்றி செகர்மன் உருவாக்கிய மாதிரி ஒன்று பலரையும் கவர்ந்தது. கோளத்தின் மேற்பரப்பில் சன்னல்கள் போன்ற திறப்புகள் அமைந்திருக்கும். மேலே செல்லச் செல்ல அவை சிறுத்து நெருங்கி வளைந்திருக்கும். கோளத்தின் உச்சியில் சிறு விளக்கை வைத்தால், மேசையில் விழும் நிழல் ஒரே அளவான நேர்த்தியான சதுரக் கட்டங்களாக விரிகிறது. கோளத்தைத் தளத்தின்மீது வீழ்த்தும் இவ்வழியில் அளவுகள் மாறும், கோணங்கள் மாறுவதில்லை. ஒரு பக்க விளக்கத்தை அந்நிழல் ஒரு நொடியில் முடித்துவிடுகிறது. இத்தகைய மாதிரிகளின் வழியே கணிதத்தை விளக்கும் நூலை அவர் 2016ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

எனினும் இணையத்திலிருந்து கோப்பை இறக்கி அச்சிட்டு மேசைமேல் வைத்துவிட்டால் வகுப்புக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓர் அழகுப் பொருளே. சமன்பாட்டை மாணவரே எழுதுவதும், எங்கிருந்து எங்குவரை என எல்லை வகுப்பதும், அச்சாகி வந்தது எண்ணியதிலிருந்து எங்கே வேறுபடுகிறது எனத் தேடுவதும்தான் கற்றல். இந்திய அரசின் நிதி ஆயோக் 2016ஆம் ஆண்டில் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தால் நாட்டின் பல பள்ளிகளுக்கு முப்பரிமாண அச்சுப்பொறி வந்துள்ளது. அங்கும் நேரம் ஒரு தடை. கையளவு பொருள் ஒன்று அச்சாகப் பல மணி நேரம் பிடிக்கும். ஒரு பாடவேளையில் நாற்பது பேருக்கும் ஒவ்வொன்று என்பது இயலாது. பொறியே இல்லாத பள்ளியிலும் சீவல் என்னும் கருத்துக்குத் தடையில்லை. பழைய அட்டைப் பெட்டியும் கவராயமும் கத்தரிக்கோலும் இருந்தால் வட்டங்களை வெட்டி அடுக்கலாம். படிகள் பெரியனவாக இருக்கும், கணக்கு ஒன்றே.

விரல் நுனியில் வடிவியல்

தாள் இழந்த பரிமாணத்தைப் பார்வையுள்ளோர் ஊகத்தால் நிரப்பிக்கொள்கின்றனர். தாளையே காண இயலாதவர்க்கு அவ்வழியும் இல்லை. கணித வகுப்பில் ‘படத்தைப் பார்க்க’ என்னும் தொடர் வரும்போதெல்லாம் பார்வையற்ற மாணவர் பாடத்திற்கு வெளியே நிற்கிறார். புள்ளி எழுத்தில் சமன்பாட்டைப் படிக்க முடிந்த அவருக்கு, அச்சமன்பாட்டின் உருவம் மட்டும் மறுக்கப்படுகிறது.

அவர்களால் கணிதம் இயலாது என்பதற்கு வரலாறு இடம் தரவில்லை. 1682ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்த நிக்கோலஸ் சாண்டர்சன், குழந்தைப் பருவத்திலேயே பெரியம்மையால் பார்வையை இழந்தார். துளைகள் இட்ட பலகையில் ஊசிகளைச் செருகி, அவற்றைத் தடவிக் கணக்கிடும் கருவியைத் தாமே அமைத்துக்கொண்டார். அதே பலகையில் ஊசிகளிடையே நூலைக் கட்டி வடிவியல் உருவங்களையும் அறிந்தார். 1711ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், முன்பு நியூட்டன் வகித்த பேராசிரியர் பதவி அவருக்கு வழங்கப்பட்டது. ஒளியியலையும் அவர் கற்பித்தார்.

சாண்டர்சனின் பலகையில் உருவங்கள் தட்டையானவை. இன்று சேணப் பரப்பையும் கூம்பின் வெட்டுமுகங்களையும் அச்சிட்டு, அச்சுகளின் பெயரைப் புள்ளி எழுத்தாகவே விளிம்பில் எழுப்பிவிட முடிகிறது. அதற்கும் சில நுணுக்கங்கள் உண்டு. கண்ணுக்கு ஏற்ற மெல்லிய கோடு விரலுக்கு எட்டாது. இரண்டு கோடுகள் மிக நெருங்கினால் விரல் அவற்றை ஒன்றாகக் கொள்ளும். கண் முழு உருவத்தையும் ஒருசேரக் கண்டு பின்னர்ப் பகுதிகளுக்குச் செல்லும். விரலோ பகுதிகளைத் தொட்டுத் தொட்டு முழுமைக்கு வரும். ஆகவே பொருள் இரு கைகளுக்குள் அடங்கவேண்டும். தேவையற்ற அலங்காரம் இருத்தல் கூடாது. பள்ளங்களுக்குள் விரல் நுழைய இடம் வேண்டும். அடுக்கு வரிகளைத் தேய்த்து மழமழப்பாக்கினால், வரி எது, கோடு எது என்ற குழப்பமும் தீரும்.

பார்வையற்றவருக்குப் பார்வையுள்ளோர் மாதிரி செய்து தருவதே வழக்கம். பிரெஞ்சுக் கணிதர் பெர்னார் மோரின் செய்தது இதற்கு மறுதலை. 1931ஆம் ஆண்டில் பிறந்து ஆறாம் வயதில் பார்வையை இழந்த அவர், கோளத்தைக் கிழிக்காமலும் மடித்துக் கசக்காமலும், தன்னைத் தானே ஊடுருவ மட்டும் இடம்தந்து, உள்ளிருப்பது வெளியாகுமாறு திருப்பும் வழியை ஆராய்ந்தார். அது இயலும் என்பதை அமெரிக்கக் கணிதர் ஸ்டீபன் ஸ்மேல் 1950களின் இறுதியில் நிறுவியிருந்தார். எவ்வாறு என்பதை மனக்கண்ணில் காண்பது பலருக்கும் அரிதாக இருந்தது. திருப்பத்தின் இடைநிலைகளில் தோன்றும் சிக்கலான உருவங்களை மோரின் தம் கைகளால் களிமண்ணில் வனைந்தார். அவருக்கு அவை தேவைப்படவில்லை. பார்வையுள்ள கணிதர் ஒருவர் அவற்றைப் பார்த்துக் கரும்பலகையில் படம் வரைவதற்காகவே அவை செய்யப்பட்டன.

கற்பவை கற்றபின்...

அட்டையில் ஆறு வட்டங்களையும், அவற்றுக்குச் சமமான பரப்புடைய ஆறு வளையங்களையும் வெட்டி, அரைக்கோளத்தையும் கூம்பு குடைந்த உருளையையும் அடுக்கிக் காட்டுக. இரண்டையும் எடையிட்டு, வேறுபாடு இருப்பின் அதற்கான காரணத்தை வகுப்பில் கலந்துரையாடுக.

உம் கணிதப் பாடநூலில் உள்ள முப்பரிமாண உருவம் ஒன்றைத் தேர்ந்து, அதனைப் பார்வையற்ற நண்பர் ஒருவர் தொட்டு உணர்வதற்கு ஏற்ற மாதிரியாகக் களிமண்ணில் வனைக. எவற்றைச் சேர்த்தீர், எவற்றை நீக்கினீர் என்பதை ஒரு பக்க அளவில் எழுதுக.